பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு நாள்: வண்டிக்காரன் சொல்ற வழி

பாஞ்சாலங்குறிச்சிக்கு வண்டி கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் செல்போன் மேப்பைக் காட்டி, "ஒண்ணேகால் மணி நேரந்தான அண்ணாச்சி, பத்து மணிக்குக் கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துரலாம்லா?"ன்னு கேப்பாங்க. வந்துரலாம். அப்படிப் போயிட்டுத் திரும்பும்போது வண்டிக்குள்ள என்ன பேச்சு ஓடும்னும் எனக்குத் தெரியும். "இவ்வளவுதானா?"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பாரு, பின் சீட்டுல பிள்ளைகள் தூங்கிரும், சித்தப்பா ஒருத்தர் "எல்லாம் சிமெண்டுல்லா"ன்னு முடிச்சு வைப்பாரு.

சித்தப்பா சொல்றது தப்பில்ல. ரோட்டுல இருந்து கண்ணுக்குத் தெரியுற கோட்டை 1974-ல தமிழக அரசு கட்டுன நினைவுக் கோட்டை. வாசல், மதில், உள்ள மண்டபம், கட்டபொம்மன் சிலை, சுவர்ல வரிசையா அவரு கதையைச் சொல்ற ஓவியங்கள். அதை மட்டும் பாக்குறதுன்னா இருபது நிமிஷம் தாராளம். ஆனா கட்டபொம்மன் இருந்த கோட்டை அது இல்ல. அந்தக் கோட்டை பக்கத்துல தரையோட தரையா கிடக்கு. தொல்லியல் துறை தோண்டி வெளிய கொண்டுவந்த அரண்மனை அடித்தளம் அது. அதைத் தாண்டி வெள்ளைக்காரன் கல்லறை இருக்கு. வர்றவங்கள்ல பாதிப் பேர் இந்த ரெண்டையும் பாக்காமலேயே வண்டி ஏறிடுறாங்க.

நான் பாளையங்கோட்டைக்காரன். டெம்போ டிராவலர் ஒண்ணு ஓட்டுறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மெட்ராஸ்ல இருந்து லீவுக்கு வர்ற குடும்பம், காலேஜ் வாத்தியார்கள்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போறதுண்டு. என் வண்டியில முன் சீட்டு எப்பவும் விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான். அங்க உக்காந்து வந்தவங்க சொன்னதையும், அதுக்கப்புறம் நானே தேடிப் படிச்சதையும் வச்சு, எந்த வரிசையில பாத்தா அந்த இடம் பிடிபடும்னு சொல்றேன். வரிசைதான் முக்கியம். கதை ஒரு திசையில போகுது, ரோடு வேற திசையில போகுது. ரோட்டு வரிசையிலேயே போங்க, கதையை வண்டிக்குள்ள சொல்லிக்கலாம்.

கிளம்புறதுக்கு முன்னால

மார்கழி, தை, மாசி மூணு மாசமும் தோதானது. காட்டுல உளுந்தும் கம்பும் பருத்தியும் நிக்கும், வெயிலும் அடிக்காது. ஐப்பசி, கார்த்திகையில அடை மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க. கரிசல் மண்ணு செருப்புல ஒட்டுனா ஒட்டுனதுதான். ஒரு சுத்து நடந்து வந்தா உங்க உயரம் ரெண்டு அங்குலம் கூடிப் போயிருக்கும், அத்தனையும் என் வண்டிக்குள்ள கால்மிதியிலதான் வந்து இறங்கும். சித்திரை, வைகாசியில போறதா இருந்தா காலை ஒன்பது மணிக்கெல்லாம் கோட்டையில நிக்கணும். நிழல் கம்மி.

ரெண்டு சமயம் யோசிச்சு முடிவு பண்ணுங்க. ஒண்ணு, மே மாசம் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா. பல ஊர்ல இருந்து ஜோதி ஓட்டம் வரும், கூட்டம் கட்டி ஏறும், போலீஸ் தடை உத்தரவு போட்டு வழியெல்லாம் வண்டியை நிறுத்திச் சோதிக்கும். திருவிழா பாக்கணும்னு போனா அருமையான நாள். கோட்டையை நிதானமாப் பாக்கணும்னா அன்னைக்கு நடக்காது. இன்னொண்ணு அக்டோபர் 16. கட்டபொம்மனைத் தூக்குல போட்ட நாள். கயத்தாறுல கட்சிக்காரங்க மாலையோட வரிசையா வருவாங்க. கார் நிறுத்த இடம் கிடைக்காது.

கைக்குட்டை, தொப்பி, தண்ணி கேன், குடை இதெல்லாம் சொல்ல வேண்டியதில்ல. சொல்ல வேண்டியது செருப்பு. வாருள்ள செருப்போ ஷூவோ போட்டு வாங்க. வேலிக்கருவை முள்ளு ரப்பர் செருப்பைத் துளைச்சுட்டு வந்துரும். பிள்ளைகளைக் கட்டாந்தரையிலயும் புதருக்குள்ளயும் கையை விடாதீங்கன்னு முன்னாலேயே சொல்லி வையுங்க. சுருட்டை விரியன் இருக்குற சீமை இது.

சாப்பாடு வீட்டுலயே கட்டிக்கோங்க. புளியோதரை வெயிலுக்கு லேசுல கெட்டுப் போகாது, ஒரு தூக்குல மோர். ஓட்டப்பிடாரத்துல ஹோட்டல் இருக்கு, ஆனா முப்பது பேரு ஒரே நேரத்துல போய் இறங்குனா அவங்களும் என்ன செய்வாங்க. பெண்கள் கூட வந்தா கழிப்பறை விஷயத்தைக் கயத்தாறு பைபாஸ் பக்கத்துப் பெட்ரோல் பங்குலயே முடிச்சுக்கோங்க. கோட்டையில இருக்குன்னு நம்பிப் போகாதீங்க. திறந்திருக்கும், பூட்டியும் இருக்கும்.

பஸ்ல போறவங்களுக்கு வேற கணக்கு. தூத்துக்குடி போய், அங்கிருந்து ஓட்டப்பிடாரம் பஸ் பிடிச்சு, ஓட்டப்பிடாரத்துல இருந்து மூணு கிலோமீட்டரை ஆட்டோவுல போறதுதான் லேசு. கயத்தாறு வழியா பஸ் மாறி மாறிப் போனா பாதி நாள் பஸ் ஸ்டாண்டுலயே கழிஞ்சுரும்.

பாளையங்கோட்டையில ஆரம்பிங்க

வண்டி கிளம்புன உடனே ஒரு நிமிஷம் மேடை போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துல நிறுத்தச் சொல்லுங்க. இறங்க வேண்டாம், கண்ணாடி வழியாப் பாத்தா போதும். பாளையங்கோட்டைங்கிற ஊர்ப் பேருல இருக்குற கோட்டைக்கு மிச்சம் இருக்குறது இந்த மாதிரி ரெண்டு மூணு துண்டுதான். இந்தக் கோட்டைக்குள்ளதான் கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையை அடைச்சு வச்சிருந்தாங்க. அண்ணனை 1799-ல தூக்குல போட்ட பிறகு தம்பி ஒரு வருஷத்துக்கு மேல இங்க கிடந்தாரு. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி காவலை உடைச்சு வெளிய வந்தாரு. விறகு விக்கிறவங்களாவும் திருச்செந்தூருக்குப் போற சாமி கும்பிடுறவங்களாவும் ஆளுக வேஷம் போட்டு வந்து மீட்டாங்கன்னு நம்ம பக்கம் கதை சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அன்னைக்குச் சங்கரன்கோயில் பக்கம் முகாம் போட்டுக் கிடந்தது. சேதி போய் அவங்க எழுந்திரிக்குறதுக்குள்ள இவரு ஊரு போய்ச் சேந்துட்டாரு.

இவ்வளவு சொன்னா போதும். மிச்சத்தைக் கோட்டையில நின்னு சொல்லணும்.

கயத்தாறு

மதுரை ரோட்டுல முப்பது கிலோமீட்டர் போல. ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்திட்டு நிக்கும், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. ரோட்டு ஓரத்துலயே கட்டபொம்மன் சிலை இருக்கு. சிவாஜி கணேசன் தன் காசுல இடம் வாங்கி வச்ச சிலை அது. பக்கத்துல அரசு கட்டுன மணிமண்டபம். இங்க இருந்த புளியமரத்துலதான் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி தூக்குல போட்டாங்க. மத்த பாளையக்காரங்களையெல்லாம் வரவழைச்சு, உக்கார வச்சு, கம்பெனிப் படைத் தளபதி மேஜர் பானர்மேன் விசாரணைன்னு ஒண்ணை நடத்திட்டுத்தான் போட்டாரு. பாக்குறவனுக்குப் பயம் வரணும்ல. மரம் இப்ப இல்ல. அந்த இடத்தைக் கடந்து போற வழிப்போக்கன் ஒவ்வொருத்தனும் ஒரு கல்லை எடுத்துப் போட்டுக் கும்பிட்டுப் போவான், கல்லு குவிஞ்சு மேடாயிருந்ததுன்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன்.

இங்க கால் மணி நேரம் போதும். வண்டியில ஏறுன பிறகு பிள்ளைகளுக்கு வரிச் சண்டையைச் சொல்லிடுங்க. கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனைப் பாக்கணும்னு ஓலை அனுப்பிட்டு, கட்டபொம்மன் வர வர ஜாக்சன் ஊர் ஊராக் குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரின்னு போய்க்கிட்டே இருந்தது, இருபத்து மூணு நாள் அலையவிட்டு 1798 செப்டம்பர் 10-ல ராமநாதபுரம் அரண்மனையில பேட்டி கொடுத்தது, அங்க கைகலப்பாகி லெப்டினண்ட் கிளார்க் செத்தது. அதுக்கப்புறம் ஜாக்சனைக் கம்பெனியே மாத்திட்டு லூஷிங்டனைப் போட்டது. கவர்மெண்டு ஆபீசுல "நாளைக்கு வா"ன்னு அலையவிடுற பழக்கம் எவ்வளவு பழசுன்னு முன் சீட்டுல வந்த ஒரு வாத்தியார் சொல்லிச் சிரிச்சாரு.

கயத்தாறுல இருந்து கடம்பூர் வழியாப் போங்க. காரணம் ரோடு இல்ல, போளி. கடம்பூர் போளி ரயில்ல போறவங்களுக்கெல்லாம் தெரியும். தேங்காய்ப் போளி, பருப்புப் போளி ரெண்டும் வாங்கிக்கோங்க. சூடா ஒண்ணு நின்னு தின்னுங்க, மிச்சம் மத்தியானத்துக்கு. கோவில்பட்டி கடலைமிட்டாய் வேணும்னாலும் இந்தப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், அதுக்காகக் கோவில்பட்டிக்குச் சுத்த வேண்டாம். அப்புறம் பசுவந்தனை, ஓட்டப்பிடாரம்னு கரிசக்காட்டு ரோடு. ஜன்னலைத் திறந்து வையுங்க. ஏசி போட்டு வந்தா இந்தக் காடு சினிமாப் படம் ஓடுற மாதிரி ஓடிரும், ஒண்ணும் தெரியாது.

பாஞ்சாலங்குறிச்சிக்குள்ள

வண்டியை நிறுத்துன உடனே எல்லாரும் புதுக் கோட்டை வாசலைப் பாத்து நடப்பாங்க. நடக்கட்டும், டிக்கெட்டு அங்கதான். பெரிய தொகை இல்ல, சில்லறை வச்சுக்கோங்க. ஆனா மண்டபத்துக்குள்ள போகாதீங்க, ஓவியத்தைக் கடைசிக்கு வையுங்க. நேரா பழைய அடித்தளத்துக்குப் போங்க.

அங்க பாக்குறதுக்கு என்ன இருக்குன்னு முதல்ல தோணும். செங்கல் வரிசை, நடுவுல நடுவுல தளம், ஒரு பக்கம் அறை அறையாத் தடுப்பு. குனிஞ்சு ஒரு செங்கல்லைப் பாருங்க. இப்ப சூளையில சுடுற கல்லோட கனத்துல பாதிதான் இருக்கும், தட்டையா, ஓரம் தேஞ்சு. ரெண்டு கல்லுக்கு நடுவுல சாந்து வெள்ளையா நிக்கும், விரலால தடவுனா மணல் உதிரும். தடவுறதோட நிறுத்திக்கோங்க. பேத்து எடுக்காதீங்க, மேல ஏறி நிக்காதீங்க. பிள்ளைகள் போட்டோவுக்கு மேல ஏறும், அதைத் தடுக்குறது கூட வந்த பெரியவங்க பொறுப்பு. இது அரண்மனைக் கட்டடம். சுத்தி இருந்த கோட்டை மதில் செங்கல் இல்ல, மண்ணு.

மண் கோட்டைன்னா பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கும். அதுக்கு நான் ஒரு வேலை செய்யச் சொல்வேன். வேலிக்கு வெளிய காட்டுல இருந்து ஒரு கை கரிசல் மண்ணை அள்ளி, தண்ணி பாட்டில்ல இருந்து கொஞ்சம் ஊத்திப் பிசைஞ்சு, உருண்டை பிடிச்சு, வெயில்ல ஒரு கல்லு மேல வச்சுட்டு வரச் சொல்லுங்க. மத்தியானம் சாப்பிட்டு வந்து அதை உடைக்கச் சொல்லுங்க. லேசுல உடையாது. 1801-ல இந்தக் கோட்டையை முற்றுகை போட்ட படையில வெல்ஷ்னு ஒரு அதிகாரி இருந்தாரு. அவரு எழுதி வச்ச குறிப்புலதான் இந்தக் கோட்டையோட அளவே நமக்குக் கிடைக்குது. ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம், பன்னிரண்டு அடி உயரத்துக்கு மண் சுவரு, சின்னச் சின்னக் கொத்தளம், வெளிய சுத்தி முள்வேலி. மண்ணு ரொம்பக் கெட்டியா ஒட்டுற ஜாதின்னு அவரே சொல்லியிருக்காரு. கல்லுச் சுவர்ல பீரங்கிக் குண்டு பட்டா கல்லு சிதறும். இந்தச் சுவர்ல பட்ட குண்டு உள்ள போய்ப் புதைஞ்சுக்கும்.

அந்த அளவைப் பிள்ளைகளை நடந்து பாக்கச் சொல்லுங்க. பெரிய ஆளு எட்டு வச்சா நீளத்துக்கு இருநூறு எட்டு, அகலத்துக்கு நூத்திருபது எட்டு கணக்கு வரும். நம்ம ஊர்ல நல்ல பள்ளிக்கூட மைதானம் ரெண்டு சேந்தா இந்த அளவு. இவ்வளவு சின்ன இடத்துக்காகவா பீரங்கியோட பட்டாளத்தைக் கொண்டுவந்தாங்கன்னு அவங்களே கேப்பாங்க. கேக்கட்டும், அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

இப்ப கதை. 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி பானர்மேன் இந்தக் கோட்டையைத் தாக்குறாரு. முதல் நாள் உள்ள நுழைய முடியல, அதிகாரிகளே செத்தாங்க. பெரிய பீரங்கிக்கு ஆளனுப்பிட்டுக் காத்துக் கிடக்கும்போது, கட்டபொம்மன் ராத்திரியோட ராத்திரியா வெளியேறிட்டாரு. புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடிச்சுக் கொடுக்க, கயத்தாறுல முடிஞ்சது. கோட்டையைத் தரைமட்டமாக்குனாங்க. அப்புறம் ஊமைத்துரை பாளையங்கோட்டையில இருந்து தப்பி வர்றாரு. துரத்திட்டு ஒரு வாரத்துல மேஜர் மெக்காலே படை இங்க வந்து பாக்குது. இடிச்சுப் போட்ட கோட்டை மறுபடி நிக்குது. ஆறே நாள்ல ஊர் சனம் கட்டி நிமித்தியிருந்தது. உங்க பிள்ளைக பிடிச்ச மண் உருண்டையை அப்ப எடுத்துக் காட்டுங்க. சுத்தி இருக்குற மண்ணும் தண்ணியும் ஆளும் போதும்னா ஆறு நாளு நம்பக்கூடியதுதான்.

மார்ச் 31-ல மறுபடி தாக்குறாங்க. சுவரை உடைச்சு வாசல் வச்ச பிறகும் உள்ள போக முடியல. உள்ள நின்னவங்க நீள ஈட்டியால குத்தித் தள்ளிட்டாங்க. படை பின்வாங்கி, வெளியிலயே ரெண்டு மாசம் போல உக்காந்து, அக்னியூங்கிற தளபதியும் பெரிய பீரங்கியும் வந்த பிறகுதான் மே 24-ல கோட்டை விழுந்தது.

இந்த இடத்துல ஒரு காஞ்ச புல்லைப் பிய்ச்சு எடுங்க. ஊமைத்துரையால பேச முடியாது, காதும் கேக்காது. அவரு படையை எப்படி நடத்துனாருன்னு வெல்ஷ் எழுதி வச்சிருக்காரு. வைக்கோல் துண்டு கொஞ்சத்தை இடது உள்ளங்கையில அடுக்கி வைப்பாராம், அது வெள்ளைக்காரப் படை. நேரத்துக்கும் மத்ததுக்கும் சைகை காட்டிட்டு, வலது கையால அத்தனையையும் ஒரே வீச்சுல வழிச்சுத் தள்ளி, வாயால உஸ்ஸுன்னு ஒரு சத்தம் கொடுப்பாராம். அதுதான் தாக்கச் சொல்ற உத்தரவு. முதல்ல பாயுறதும் அவருதானாம். எதிரிப் படையில இருந்து சண்டை போட்ட ஆளு இதை எழுதியிருக்காருங்கிறதைச் சேத்துச் சொல்லுங்க. நம்ம ஆளு சொன்னா பெருமைக்குச் சொல்றோம்னு தோணும். பிள்ளைகள் உடனே புல்லைப் பிய்ச்சு உள்ளங்கையில வச்சு உஸ்ஸு உஸ்ஸுன்னு ஆரம்பிச்சுரும். ஆரம்பிக்கட்டும். நாலு பலகையில எழுதி வச்சாலும் மனசுல நிக்காதது இதுல நின்னுரும்.

அடுத்தது கல்லறை. வழி சரியாத் தெரியலன்னா ஊர்க்காரங்ககிட்ட "வெள்ளைக்காரன் கல்லறை"ன்னு கேளுங்க, கை காட்டுவாங்க. இங்க சண்டையில செத்த கம்பெனி ஆளுகளைப் புதைச்ச இடம். சுத்தி முள்ளு மண்டிக் கிடக்கும், பாத்து நடங்க. சில பேரு இங்க வந்து எகத்தாளமாப் போட்டோ எடுப்பாங்க, எனக்கு அது பிடிக்காது. கடல் தாண்டி வந்து யாரோ போடுற கணக்குக்காக இந்தக் கரிசல்ல செத்துக் கிடக்குற பையன்கள்லயும் இருபது வயசு தாண்டாதவன் இருந்திருப்பான். அதுக்காகச் சண்டையில நியாயம் யார் பக்கம்னு மறந்துரவும் வேண்டாம்.

இன்னொரு கதையும் இங்கதான் சொல்லணும். கோட்டை விழுந்த அன்னைக்கு ஊமைத்துரை குத்துப்பட்டுப் பிணங்களுக்கு நடுவுல கிடந்தாரு. பக்கத்து ஊர்ப் பொம்பளை ஒருத்தி தன் மகனைத் தேடி வந்தா. மகன் குத்துயிரா கிடந்தான். தூக்கப் போனவளை, "என்னை விட்டுரு, சாமியைக் காப்பாத்து"ன்னு அவன் பக்கத்துல கிடந்தவரைக் காட்டுனான். அவ ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா. தேடிட்டு எதிரி ஆளுக வந்தப்ப மேல துணியைப் போத்தி, "அம்மை கண்டு செத்துட்டான்"னு ஒப்பாரி வச்சா. வந்தவனெல்லாம் ஓட்டம் பிடிச்சான். இதுவும் வெல்ஷ் குறிப்புல இருக்கு. அவ பேரு என்னன்னு அதுல இல்ல. ஊமைத்துரை பிழைச்சு எழுந்து சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோட சேந்தாரு. அங்கயும் தோத்து, பிடிபட்டு, 1801 நவம்பர் 16-ல இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்குல போட்டாங்க. கோட்டையை மறுபடி இடிச்சு, உழுது, ஆமணக்கு விதைச்சாங்கன்னு ஊருல சொல்லுவாங்க.

இவ்வளவும் ஆன பிறகு புதுக் கோட்டைக்குள்ள போங்க. காலையில போயிருந்தா வெறும் படமாத் தெரிஞ்சிருக்கும் ஓவியங்கள்ல இப்ப யாரு யாருன்னு பிள்ளைகளே கை காட்டும். சித்தப்பாவுக்கும் ஒரு பதில் இருக்கு: ரெண்டு தடவை இடிச்சுத் தரையாக்குன கோட்டைக்கு மூணாவதா எழுப்புனது இது. சிமெண்டோ என்னவோ, நிக்குதுல்லா. கட்டட வேலைப்பாடு எனக்கும் பெருசாப் பிடிக்காதுதான், அது வேற விஷயம்.

வீரசக்கதேவி கோயில் பக்கத்துலயே. கட்டபொம்மன் குலதெய்வம். ராத்திரி குடுகுடுப்பைக்காரர் வந்து "ஜக்கம்மா சொல்றா"ன்னு சொல்லுவாரே, அந்த ஜக்கம்மாதான். செருப்பை வெளிய விட்டுட்டு, தேங்காய் பழம் இருந்தா கொடுங்க. இது வேடிக்கை பாக்குற இடம் இல்ல, கும்பிடுற இடம். சாமியைப் படம் எடுக்கணும்னா பூசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஊரு உண்டான கதையையும் இங்க சொல்லலாம். வேட்டைக்கு வந்தப்ப முயல் ஒண்ணு திரும்பி நாயை விரட்டுச்சாம், இந்த மண்ணுக்கு வீரியம் இருக்குன்னு இங்கயே கோட்டை கட்டுனாங்களாம். இதே கதையைச் சொல்ற ஊரு இன்னும் பல உண்டு, அது பெரியவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சீமையில எந்தத் தலைவர் எந்தச் சாதின்னு ஆள் பிரிச்சு வச்சிருக்காங்க. கட்டபொம்மன், பூலித்தேவர், சுந்தரலிங்கம், வெள்ளையத்தேவன், அழகுமுத்துக்கோன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கூட்டம், ஒரு கொடி. டீக்கடையில உக்காந்து யாரு பெரிய வீரன்னு பேச்சை எடுக்காதீங்க. கட்டபொம்மன்கூட நின்னு செத்தவங்க எல்லாச் சாதியிலயும் இருந்தாங்க. கவர்னகிரியில சுந்தரலிங்கத்துக்கும் நினைவிடம் இருக்கு, ஓட்டப்பிடாரம் பக்கந்தான், நேரம் இருந்தா அங்கயும் போயிட்டு வாங்க.

திரும்புற வழி

ஓட்டப்பிடாரத்துல வ.உ.சி. பிறந்த வீடு நினைவு இல்லமா இருக்கு. சின்ன வீடுதான், அரை மணி நேரம் போதும். முன் சீட்டு வாத்தியார் ஒருத்தர் சொல்லித்தான் எனக்கு இது பட்டது: வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5, பானர்மேன் கோட்டையைத் தாக்குன அதே தேதி. அவரு சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு பண்ணது 1906 அக்டோபர் 16, கட்டபொம்மனைத் தூக்குல போட்ட அதே தேதி. தற்செயல்தான். ஆனா மூணு கிலோமீட்டர் இடைவெளியில இருக்குற ரெண்டு வீட்டுக்கும் இப்படி அமைஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும், யாரு வந்தாலும் சொல்லிருவேன்.

அங்கிருந்து மூணு வழி. நேரே ஊருக்குன்னா தூத்துக்குடி – திருநெல்வேலி ரோட்டைப் பிடிச்சு வல்லநாடு வழியா வந்துரலாம். வல்லநாட்டு மலையில வெளிமான் சரணாலயம் இருக்கு, சாயங்காலம் அதிர்ஷ்டம் இருந்தா ரோட்டுல இருந்தே கண்ணுல படும். அதை நம்பி வண்டியை மெதுவா ஓட்டச் சொல்லாதீங்க, பின்னால லாரி வரும். மக்ரூன் வாங்கணும், துறைமுகம் பாக்கணும்னா தூத்துக்குடி. எழுத்துல ருசி உள்ளவங்க கூட வந்தா எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, ராஜாஜி 1945-ல அடிக்கல் நாட்டி 1947-ல திறந்த மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் தர்கா எல்லாம் ஒரே ஊருக்குள்ள. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில எட்டயபுரம் ஜமீன் கம்பெனி பக்கம் நின்னுச்சு, அதுக்குப் பரிசாக் கிராமங்களும் வாங்குச்சு. அந்த ஊருலதான் எண்பது வருஷம் கழிச்சு பாரதி பிறந்தாரு. இதைப் பிள்ளைகளுக்கு வண்டியிலயே சொல்லிடுங்க, ஊருக்குள்ள இறங்கிச் சத்தமாச் சொல்ல வேண்டாம்.

மூணுல எதுன்னு ஓட்டப்பிடாரத்துலயே முடிவு பண்ணிருங்க. குறுக்குச்சாலை வரைக்கும் வந்துட்டு, வடக்க எட்டயபுரமா தெற்க தூத்துக்குடியான்னு வண்டிக்குள்ள ஓட்டெடுப்பு நடத்துனா மதுரை ரோட்டுல அரை மணி நேரம் ஓரமா நிக்க வேண்டியிருக்கும். வாடகை பேசும்போதே எந்த வழின்னு சொல்லிட்டா கிலோமீட்டர் கணக்குல சாயங்காலம் தகராறு வராது. டிரைவர் பேட்டாவை அதுல சேத்தாச்சா இல்லையான்னும் அப்பவே கேட்டுக்கோங்க.